ஜெல்லியா, பக்கவாட்டு ஊசியா, முதுகு ஊசியா: புராஸ்டேட் பயாப்ஸிக்கு நான் தேர்ந்தது

ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வரும் புரதம்) கூடியிருக்கிறது, பயாப்ஸி, அதாவது அந்தச் சுரப்பியிலிருந்து ஊசியால் சதைத் துண்டு எடுத்துப் பார்க்கும் சோதனை, செய்துவிடலாம் என்று சேலத்தில் டாக்டர் சொன்னது டிசம்பர் முதல் வாரம். ஏற்காட்டில் காப்பிப் பறிப்பு மும்முரமாக நடக்கும் காலம். பழுத்த பழம் யாருடைய உடம்புக்காகவும் செடியில் காத்திராது. புற்றாக இருக்குமோ என்ற பயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, எவ்வளவு வலிக்கும், எப்போது வீடு திரும்பலாம் என்ற இரண்டு கேள்விகளோடு விசாரிக்கத் தொடங்கினேன்.

வழி மூன்று. ஆசனவாயில் மரப்பு ஜெல்லி மட்டும் வைத்து எடுப்பது, புராஸ்டேட்டின் இரு பக்கமும் நரம்புகளை ஒட்டி மரப்பு ஊசி போடுவது, முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்து எடுப்பது. நான் போட்டுக்கொண்டது நடுவில் உள்ளது. ஜெல்லி என் நண்பர் ஒருவருக்கு. முதுகு ஊசி சம்பந்திக்கு. அவை இரண்டையும் அவர்கள் வாய்மொழியாகத்தான் அறிவேன்.

ஜெல்லியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பரிசோதனையில் வலி இரண்டு இடத்தில் பிறக்கிறது. ஸ்கேன் கருவி ஆசனவாயில் நுழையும்போது ஒன்று. ஊசி புராஸ்டேட்டின் மேலுறையைத் துளைக்கும்போது இன்னொன்று. ஜெல்லி முதலாவதைத் தணிக்கும். இரண்டாவதற்கு அது அநேகமாக எட்டுவதில்லை. நண்பருக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் பன்னிரண்டு துண்டு எடுத்தார்கள். பன்னிரண்டையும் வாய்விட்டு எண்ணியதாகச் சொன்னார். "லோக்கல் கொடுத்துத்தான் எடுப்போம்" என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தார்கள். லோக்கல் என்றால் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் மருந்து. சொன்னது பொய்யுமில்லை. ஜெல்லியும் லோக்கல்தான், ஊசியும் லோக்கல்தான். எனவே "லோக்கல் உண்டா" என்று கேட்டுப் பயனில்லை. "புராஸ்டேட் பக்கத்தில் ஊசி போடுவீர்களா" என்றே கேட்க வேண்டும். எனக்கு இந்தக் கேள்வியைச் சொல்லிக்கொடுத்தவர் அந்த நண்பர்.

எனக்கு நடந்தது இது. இடப்பக்கமாகப் படுத்து முழங்காலை மார்போடு மடக்கச் சொன்னார்கள். முதலில் ஜெல்லி, பத்து நிமிடக் காத்திருப்பு. பிறகு கட்டைவிரலைவிடச் சற்றுப் பருமனான கருவி. கூச்சமும் குடைச்சலும் சேர்ந்த இந்த இடம்தான் எனக்கு மிகக் கடினம். பக்கவாட்டு ஊசி இதற்கு உதவாது. கருவி உள்ளே போன பிறகு, திரையைப் பார்த்தபடி, அதன் வழியாகவே நீளமான மெல்லிய ஊசியைச் செலுத்தி, புராஸ்டேட்டும் விந்துப்பையும் சேரும் இடத்தில் இரு பக்கமும் லிக்னோகைன் என்ற மரப்பு மருந்தைப் போட்டார் டாக்டர். பக்கத்துக்கு ஐந்து மில்லி அளவு. சுருக்கென்று இரண்டு குத்து, சில நொடி எரிச்சல், அவ்வளவுதான். இது நேற்று வந்த உத்தியும் அல்ல. 1996-லேயே அமெரிக்க மருத்துவர்கள் எழுதி வைத்தது.

ஐந்து நிமிடம் பொறுத்துத் துண்டெடுக்கத் தொடங்கினார்கள். விசை தட்டும்போது காகிதம் தைக்கும் ஸ்டேப்ளர் மாதிரி 'டக்' என்று ஒரு சத்தம். உடம்பு வலியால் துள்ளவில்லை, அந்தச் சத்தத்துக்குத்தான் துள்ளியது. புராஸ்டேட்டின் நுனிப் பகுதியில் எடுத்த கடைசி இரண்டும் மட்டும் சுரீரென்றன. அங்கே மருந்து அவ்வளவாக எட்டாது என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வலியை மட்டும் பார்த்தால் முதுகு ஊசியே மேல். சம்பந்திக்குக் கருவி நுழைந்ததுகூடத் தெரியவில்லையாம். ஆனால் நான் தராசில் வைத்தது வலியை அல்ல, அதற்குப் பிந்திய அரை நாளை. முதுகு ஊசி என்றால் ஆறு மணி நேரமாவது திட உணவு கூடாது. முடிந்த பிறகு காலில் உணர்வு வரச் சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விடச் சிறுநீர்! அந்த ஊசி மூத்திரப்பையையும் உறங்க வைத்துவிடும். புராஸ்டேட் வீங்கி ஏற்கெனவே சொட்டுச் சொட்டாகப் போகும் கிழவனுக்கு அது அடைத்துக்கொண்டால் குழாய்தான் வைக்க வேண்டும். சம்பந்திக்கு வைத்தார்கள், மறுநாள் எடுத்தார்கள். அவர் வீடு செவ்வாய்ப்பேட்டை. ஆட்டோவில் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டியவன். பக்கவாட்டு ஊசி என்பதால் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனேன், முடிந்து ஒரு மணி நேரத்தில் சிறுநீர் கழித்துக் காட்டினேன், கிளம்பச் சொன்னார்கள். மருமகன் ஜீப் ஓட்ட, தலையணைமேல் உட்கார்ந்து மாலைக்குள் மலை ஏறிவிட்டேன். ஒவ்வொரு வளைவிலும் அவரைத் திட்டினேன் என்பது வேறு விஷயம்.

ஆசனவாய்க் குறுகலோ அங்கே ஆறாத வெடிப்போ உள்ளவர்களுக்கும், கையும் காலும் நடுங்கும் அளவு பயப்படுகிறவர்களுக்கும் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு மயக்கமே சரியாக இருக்கலாம். மலக்குடல் வழியாக அல்லாமல், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோல் வழியாக எடுக்கும் முறையும் உண்டு. அதில் கிருமித்தொற்று குறைவு. அதற்கும் மரப்பு ஊசி போட்டே எடுக்கிறார்கள். எனக்கு அந்த அனுபவம் இல்லை.

எந்த மரப்பைத் தேர்ந்தாலும் கிருமி பயம் ஒரே மாதிரிதான். சிறுநீரில் சில நாளும் விந்தில் சில வாரமும் ரத்தம் தெரிவது வழக்கம். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அது வேறு. மலைக் குளிர் என்று கம்பளியைப் போர்த்தி ஒரு மாத்திரையோடு படுத்துவிடாமல் அன்று இரவே கீழே இறங்கிவிட வேண்டும். எனக்கு வரவில்லை. ஆனாலும் முதல் மூன்று நாள் மருமகனை எங்கும் போகவிடாமல், ஜீப் சாவியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.