முடிப் பாசிக்கு எது சரி: பட்டினியா, நத்தையா, மாத்திரையா?

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியான ரீஃப் டேங்கில் பச்சை முடிப் பாசி வந்துவிட்டால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு குருணையான ஜிஎஃப்ஓ போடு என்பார் ஒருவர். நத்தை விடு என்பார் இன்னொருவர். பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல் மாத்திரையைக் கரைத்து ஊற்று, வேலை முடிந்தது என்பார் அடுத்தவர். மூன்றும் பலித்த டேங்க்குகள் உண்டு, மூன்றும் கைவிட்ட டேங்க்குகளும் உண்டு.

ஒப்பிடுவதற்கு முன் எதிரி யாரென்று தெரிய வேண்டும். கொஞ்சம் பிய்த்து வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். வெறும் இழையாக இருந்தால் முடிப் பாசி. சின்னச் சின்ன இறகு மாதிரி இருபுறமும் கிளைத்திருந்தால் பிரயாப்சிஸ் என்ற இன்னொரு பச்சைப் பாசி. பழுப்பு நிறத்தில் சளி போல, நடுவே காற்றுக் குமிழிகளோடு தொங்கினால் அது டைனோவாக (டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிராக) இருக்க வாய்ப்பு அதிகம். கருஞ்சிவப்பு ஜமுக்காளம் போல மணலை மூடியிருப்பது சயனோ, அது பாக்டீரியா. கடைசி இரண்டுக்கும் வைத்தியமே வேறு. இங்கே பேசப்போவது முதல் இரண்டைப் பற்றி.

முதலில் பட்டினி வைத்தியம். பாசிக்கு உணவு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும், அதை நிறுத்தினால் செத்துவிடும் என்பது கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் பாறை முழுக்கப் பச்சையாக இருக்கும் டேங்கில் டெஸ்ட் கிட் பெரும்பாலும் பூஜ்யம்தான் காட்டும். கிட் அளப்பது தண்ணீரில் மிச்சம் இருப்பதை மட்டும். பாசி வரும் வழியிலேயே தின்றுவிட்டால் அளக்க என்ன இருக்கும்? போதாக்குறைக்கு, பல மாதம் பாஸ்பேட் அதிகமாக இருந்த டேங்கில் பாறையே அதை உறிஞ்சி வைத்திருக்கும். தண்ணீரில் குறையக் குறையப் பாறை வெளியே விடும். அந்தப் பாறைமேல் வேர்விட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும் பாசிக்கு வாசலிலேயே சாப்பாடு.

இதில் முதலில் பட்டினி கிடப்பது பவளம்தான். பாஸ்பேட்டைச் சட்டென்று இறக்கினால் அக்ரோபோரா மாதிரியான கல் பவளங்கள் வெளுக்கும், அடியிலிருந்து தசை உரியவும் தொடங்கும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தில் நின்றால் டைனோ வருவதற்கும் அதுவே நல்ல வழி. முடிப் பாசியை விரட்டி டைனோவைக் கூட்டிவந்தவர்களிடம் கேளுங்கள், பழைய பாசியே தேவலை என்பார்கள். பாஸ்பேட் 0.5 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில்) மேல் போய்விட்டதா, சரி, ஜிஎஃப்ஓ போடலாம். கொஞ்சமாகப் போட்டு, வாரக்கணக்கில் நிதானமாக இறக்கி, 0.03 முதல் 0.1 பிபிஎம்-க்குள் நிறுத்திக்கொள்ளலாம். அதற்கும் கீழே துரத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

மேயும் உயிர்கள் பக்கம்தான் என் ஓட்டு. கடலில் நடந்ததைப் பாருங்கள். 1983-84இல் கரீபியன் கடலில் டயடெமா என்ற நீள முள் கொண்ட கடல் முள்ளெலிகள் நோய் வந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன. பாசி தின்னும் மீன்களை ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்த ஜமைக்கா போன்ற இடங்களில் பவளத் திட்டுகளைப் பாசி மூடிவிட்டது. மேய ஆள் இல்லாத பாறை பச்சையாகாமல் இருப்பது அரிது.

ஆனால் நத்தையை வாங்கி விட்டுவிட்டு உட்கார்ந்தால் நடக்காது. விரல் நீளத்துக்கு வளர்ந்த முடியைப் பெரும்பாலான நத்தைகள் தொடாது. அவற்றுக்குப் பிடித்தது இளம் முளை. ஆகவே முதலில் கையால் பிய்க்க வேண்டும். முடிந்தால் பாறையை வெளியே எடுத்து, டேங்க் தண்ணீர் பிடித்த வாளியில் வைத்து பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். டேங்குக்குள்ளேயே தேய்த்தால் பிய்ந்த துணுக்குகள் மூலைக்கு மூலை போய் ஒட்டும். அப்படிப் பிய்ப்பதானால் சைஃபன் குழாயின் முனையைப் பாசியருகே பிடித்துக்கொண்டே பிய்க்கவும்.

நத்தைகளில் ட்ரோக்கஸ் எனக்குப் பிடித்தது, கவிழ்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும். அஸ்ட்ரியா கவிழ்ந்தால் அப்படியே கிடந்து சாகும். மெக்சிகன் டர்போ நன்றாகத் தின்னும், ஆனால் ஒட்டாத பவளத் துண்டை எல்லாம் புல்டோசர் மாதிரி தள்ளிவிட்டுப் போகும். டக்சீடோ முள்ளெலி பாறையைச் சுரண்டிச் சுத்தமாக்கும், கூடவே பாறையில் படியும் இளஞ்சிவப்புக் கோரலைன் பாசியையும் சுரண்டும். அப்புறம் தலையில் ஒரு பவளத் துண்டைத் தொப்பி மாதிரி தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகும். கடல் முயல் என்ற நத்தை வகை ஒரே மூச்சில் டேங்கைக் காலி செய்துவிடும், பாசி தீர்ந்ததும் பட்டினியில் செத்தும்விடும். வேலை முடிந்ததும் வேறு பாசி டேங்குக்கு மாற்ற இடம் இருந்தால் மட்டும் கொண்டுவாருங்கள். மீன் என்றால் மஞ்சள் டேங், அல்லது ஓரா இனத்தைச் சேர்ந்த ஃபாக்ஸ்ஃபேஸ். இரண்டுக்கும் நான்கடி நீளமாவது வேண்டும். ஃபாக்ஸ்ஃபேஸின் முதுகு முள்ளில் விஷம் இருக்கிறது, டேங்குக்குள் கை விடும்போது ஞாபகம் இருக்கட்டும்.

பாசியைப் பாசியால் அடிப்பது நாலாவது வழி. டேங்கோடு இணைந்த துணைத் தொட்டியான சம்ப்பில் கீட்டோ என்ற பாசியை வளர்ப்பது ரெஃப்யூஜியம். தண்ணீர் வழியும் சொரசொரப்பான வலையில் முடிப் பாசியையே வளர்த்துச் சுரண்டி எறிவது ஸ்க்ரப்பர், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் ஆய்வு நிறுவனத்தில் வால்டர் ஏடி உருவாக்கிய உத்தி. டேங்க் விளக்கு அணைந்த பிறகு கீட்டோ விளக்கை எரியவிட்டால் இரவில் பிஎச் இறங்குவதும் குறையும். ஆனால் டேங்கில் காடு வளர்ந்த பிறகு கீட்டோ வைத்தால், முதல் பந்தி டேங்க் பாசிக்குத்தான், கீட்டோ இளைத்துப் போகும். வந்த பாசியை ஒழிப்பதைவிட, ஒழித்தபின் வராமல் தடுக்கவே இவை உதவும்.

மாத்திரைக்கு வருவோம். பிரயாப்சிஸை மேயும் உயிர்கள் அவ்வளவாகச் சீண்டுவதில்லை, பிய்த்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும். அங்கே மட்டும் என் வரிசை தலைகீழ், ஃப்ளூகோனசோல்தான் முதலிடம். வழக்கமான அளவு லிட்டருக்குச் சுமார் 5 மில்லிகிராம், அதாவது 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 40 லிட்டருக்கு. பாறை, மணல் கழித்து உண்மையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதென்று கணக்குப் போடுங்கள். ஃபில்டரில் உள்ள கார்பனை எடுத்துவிட்டு இரண்டு வாரம் விட வேண்டும். முதல் சில நாள் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், பயந்து மறுபடி ஊற்ற வேண்டாம். சாகும் பாசி தின்றதையெல்லாம் தண்ணீரிலேயே கக்கும் என்பதால் முன்கூட்டியே முடிந்தவரை பிய்த்துவிடுவது நல்லது. சாதாரண முடிப் பாசியும் இதில் அடங்குவதுண்டு, ஆனால் மேய ஆள் இல்லாவிட்டால் திரும்பி வரும். அதற்காக மாத்திரையைத் தொடர்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

டேங் மீன் விட இடமில்லாத சின்ன நானோ டேங்கில் கணக்கு மாறும். அங்கே ஒரு பாறையிலோ பவளத் துண்டின் அடியிலோ ஒட்டியிருக்கும் பாசிக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். துண்டை வெளியே எடுத்து, பவளத்தின் தசையில் படாமல் பாசிமேல் மட்டும் சொட்டி, சில நிமிடம் விட்டு, உப்புத் தண்ணீரில் அலசித் திரும்ப வையுங்கள். டேங்கில் கிளீனர் இறால் இருந்தால் அலசுவதில் கஞ்சத்தனம் வேண்டாம், அதற்குப் பெராக்சைடு ஆகாது.