டிசபிலிட்டி பென்ஷனுக்கு யாரிடம் போவது: ஏழு வருடத்தில் மூன்று பேரிடம் கோப்பைக் கொடுத்த அனுபவம்

எனக்கு வள்ளியூர்ப் பக்கம். 22 வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு 2018 ஆகஸ்ட் 31 அன்று நாயக் பதவியில் ஓய்வு பெற்றேன். வரும்போது ஒரு டிரங்குப் பெட்டியும் இரத்த அழுத்த மாத்திரையும் கூடவே வந்தன. ஓய்வுக்கு முன் கூடிய மருத்துவ வாரியம் என் நோயை ஆயுள் முழுவதற்கும் 30 சதவீதம் என்று மதிப்பிட்டது. ஆனால் அதே தாளில், நோய் ராணுவப் பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்று எழுதிவிட்டது. பணியால் வந்த அல்லது கூடிய நோய் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் டிசபிலிட்டி பென்ஷன், அதாவது ஊன ஓய்வூதியம். எனக்கு அந்தச் சதவீதம் இருந்தது. ஆனாலும் அந்த ஒரு வரி என் வாசலை அடைத்துவிட்டது. 2019 பிப்ரவரியில் மறுப்புக் கடிதம் வந்தது. ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம் என்று கடைசிப் பத்தியில் இருந்தது.

அன்று முதல் இன்று வரை மூன்று பேரிடம் என் கோப்பைக் கொடுத்திருக்கிறேன். முதலாமவர் கமிஷனுக்கு வேலை பார்க்கும் ஆலோசகர், அடுத்தவர் ஓய்வு பெற்ற ஒரு சுபேதார், மூன்றாமவர் சென்னையில் ஒரு வழக்கறிஞர். பணம் கைக்கு வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. அடங்கிய மனத்தோடு எழுத இதுதான் நேரம். நாங்குநேரி, இராதாபுரம் வட்டாரங்களில் என்னைப் போல் ஓய்வு பெற்று வந்தவர்கள் ஏராளம். அவர்களில் பலர் இப்போது நான் 2019-இல் நின்ற இடத்தில் நிற்கிறார்கள்.

முதலில் போனது ஆலோசகரிடம். தெரிந்த ஒருவர் கைகாட்டினார். குளிரூட்டிய அறை, சுவரில் படைப்பிரிவுகளின் சின்னங்கள், மேசையில் அடுக்கடுக்காகக் கோப்புகள். 'முன்பணம் 12,000 ரூபாய். நிலுவைத் தொகை வந்ததும் அதில் 30 சதவீதம்' என்றார். 100 ரூபாய் முத்திரைத் தாளில் கையெழுத்து வாங்கினார். தொகை எழுதாத இரண்டு காசோலைகளும் வாங்கிக்கொண்டார். என் மனைவி வாசலிலேயே, 'உங்கள் சீக்குக்கு வருகிற காசில் அவருக்கு எதற்குப் பங்கு?' என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அலைச்சல் மிச்சமாகுமே என்று மட்டும் நினைத்தேன்.

அவர் என் மருத்துவ வாரியத் தாளைக் கேட்கவே இல்லை. மறுப்புக் கடிதத்தை நகல் எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். 2020 பிப்ரவரியில் முதல் மேல்முறையீட்டை நிராகரித்த உத்தரவு வந்தது. அதில் ஒரு வரி விளங்கவில்லை. மனுதாரர் குறிப்பிட்டுள்ள முதுகுத்தண்டு வலி மருத்துவ வாரியத்தால் மதிப்பிடப்படவில்லை என்று இருந்தது. எனக்கு முதுகுத்தண்டில் வலியே கிடையாது. நேரில் போய் அவர் அனுப்பிய மனுவின் நகலைக் கேட்டு வாங்கினேன். ஒரே பக்கம். பெயர், ராணுவ எண், பிரிவு எல்லாம் என்னுடையவை. நோய் மட்டும் வேறு யாருடையதோ. பழைய மனு ஒன்றில் பெயரை மாற்றி அனுப்பியிருக்கிறார். ஒரு வருடம் எனக்காக யாரோ வாதாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரம் இன்னும் மறக்கவில்லை.

அவருக்குக் கொடுத்த அதிகாரத்தைத் திரும்பப் பெறுவதாகப் பதிவுத் தபால் அனுப்பினேன். வங்கியில் எழுதிக் கொடுத்து இரண்டு காசோலைகளையும் நிறுத்தி வைத்தேன். முன்பணம் போனது போனதுதான். பின்னால் தெரிந்துகொண்ட இரண்டு விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் வரவேண்டிய பென்ஷனை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. 1871-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம், 12-ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது. வழக்கறிஞராக இருந்தாலும், ஜெயித்தால் இத்தனை பங்கு என்று பேசுவதை இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகள் தடை செய்கின்றன. ஆகவே சதவீதம் பேசுகிறவர் யாராக இருந்தாலும், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

இரண்டாவதாகப் போனது திசையன்விளைப் பக்கம் இருக்கும் சுபேதார் அண்ணாச்சியிடம். பணிக்காலம் முழுவதும் எழுத்தர் வேலை பார்த்தவர். ஆவண அலுவலகத்தில் எந்தத் தாள் எங்கே போகும் என்பது அவருக்கு அத்துப்படி. திண்ணையில் உட்கார வைத்துப் பதநீர் கொடுத்துவிட்டு முதலில் கேட்டதே, 'ஏஎஃப்எம்எஸ்எஃப் 16 எங்கே தம்பி?' என்பதுதான். அதுதான் ஓய்வுக்கு முந்தைய மருத்துவ வாரிய நடவடிக்கைகளின் படிவம். என்னிடம் இல்லை என்றேன். 'அது இல்லாமல் எழுதினால் இருட்டில் கல் எறிவது மாதிரி' என்று சொல்லி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுத வைத்தார். 10 ரூபாய் தபால் ஆர்டர் இணைத்து அனுப்பினோம். சேரும்போது எடுத்த மருத்துவப் பரிசோதனைக் குறிப்பையும் அதிலேயே கேட்கச் சொன்னார். இரண்டும் வந்து சேர்ந்தன.

ஊரடங்கு நேரம். 2020 ஜூனில் இரண்டாவது மேல்முறையீட்டை அவரே தயாரித்துக் கொடுத்தார். ஆறு பக்கம், நான் எந்த வருடம் எங்கே இருந்தேன் என்ற பட்டியலோடு. ஒரு பைசா வாங்கவில்லை. சங்கங்களிலும் ஊர்களிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்புக்கு விலை கிடையாது. அவர் எல்லையையும் அவரே சொன்னார்: 'மனு வரைக்கும் நான். தீர்ப்பாயத்தில் பேச எனக்கு உரிமை இல்லை. ஆறு மாதம் பதில் வராவிட்டால் நீ காத்திருக்க வேண்டாம், போய்விடு.' ராணுவத்தினரின் வழக்குகளை விசாரிப்பது ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அதற்கான சட்டத்தின் 21-ஆம் பிரிவு அப்படித்தான் இருக்கிறது. மேல்முறையீடு செய்து ஆறு மாதமாகியும் உத்தரவு வரவில்லையென்றால் தீர்ப்பாயத்தை அணுகலாம். தன்னால் எதுவரை முடியும் என்று சொல்லத் தெரிந்தவரை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

2021 ஜனவரியில் வழக்கறிஞரைத் தேட ஆரம்பித்தேன். மூன்று பேரிடம் போனில் பேசினேன். ஒருவர் எடுத்த எடுப்பிலேயே, 'நூற்றுக்கு நூறு ஜெயித்துவிடலாம்' என்றார். என் நோய் என்ன என்று கேட்கவில்லை. இன்னொருவர் மதுரையில் தொழில் செய்பவர். நமக்கு உயர் நீதிமன்றம் என்றால் மதுரைக் கிளைதான் என்பதால் அவரிடம் கேட்டேன். 'இது முதலில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், அதன் அமர்வு சென்னையில் இருக்கிறது. நான் அங்கே ஆஜராவதில்லை' என்று நேராகச் சொல்லிவிட்டார். நன்றி சொல்லி வைத்தேன். மூன்றாமவர், 'தாள்களை அனுப்புங்கள், படித்துவிட்டுப் பேசுகிறேன்' என்றார். நான்கு நாள் கழித்து அவரே அழைத்தார். பிறகு நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்து நேரில் போனேன்.

அந்த ஒரு மணி நேரத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு கோப்பை எப்படி வாசிக்க வேண்டும் என்பதை அன்றுதான் பார்த்தேன். ஏஎஃப்எம்எஸ்எஃப் 16-இன் பக்கங்களை மேசையில் வரிசையாகப் பரப்பினார். வாரியத்தின் கருத்து எழுதிய பக்கத்தில் பென்சிலை வைத்தார். நோய் தொடங்கியது அமைதிப் பகுதியில், மருத்துவ அதிகாரிகளுக்கான கையேட்டின் பத்தி 43-இன்படி பணியோடு தொடர்பில்லை என்று அங்கே இரண்டே வரி. 'காரணம் என்று எழுதியிருப்பது இவ்வளவுதான்' என்றார். பிறகு முதல் பகுதிக்குத் திரும்பினார். நான் பணியாற்றிய இடங்களின் கட்டம் அங்கே இருக்கிறது. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஐந்து மாதம் முன்பு வரை நான் காஷ்மீர் எல்லையில் களப்பகுதியில் இருந்தேன். அந்த வரியின் கீழ் ஒரு கோடு போட்டார். கடைசியாக, 1996-இல் நான் சேர்ந்தபோது எடுத்த பரிசோதனைக் குறிப்பு. நோய் எதுவும் இல்லை என்று மருத்துவர் கையால் எழுதிய தாள், மடிப்பில் மை மங்கிப்போயிருந்தது. 'உங்கள் வழக்கு இந்த மூன்று தாளுக்குள் இருக்கிறது' என்றார்.

சட்டமும் அதையே சொல்கிறது. 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. சேரும்போது குறிப்பில் இல்லாத நோய் பிறகு வந்தால், அது பணிக் காலத்தில் ஏற்பட்டது என்றே கருத வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு வீரர்மேல் கிடையாது. இல்லை என்று சொல்கிற மருத்துவ வாரியம் அதற்கான காரணத்தை எழுத வேண்டும். ஆலோசகர் அனுப்பிய மனுவில் இதில் ஒரு சொல்கூட இல்லை.

அவர் சொன்ன இன்னொன்று எனக்கு அதைவிடப் பெரியதாகப் பட்டது. பென்ஷன் மறுப்பு மாதந்தோறும் தொடரும் பாதிப்பு என்பதால் தாமதமாக வந்தாலும் வழக்கு எடுபடும். ஆனால் நிலுவை பொதுவாக வழக்குத் தாக்கல் செய்த நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும். 2008-இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வரையறை இது. 'ஆகஸ்ட் 31-க்குள் தாக்கல் செய்துவிட்டால் உங்களுக்கு ஒரு மாதமும் போகாது' என்றார். 2021 ஜூலையில் தாக்கல் செய்தோம். இன்னும் ஒரு வருடம் அந்த ஆலோசகரை நம்பியிருந்தால் பத்து மாதத்துக்கு மேலான பணம் போயிருக்கும். மனு போடாமல் பத்து வருடம் தள்ளிப்போட்டவர்களுக்கு ஏழு வருடப் பணம் போகிறது. இதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

கட்டணம் 25,000 ரூபாய். பாதி தாக்கலின்போது, பாதி தீர்ப்புக்குப் பிறகு. தட்டச்சு, நகல் செலவு தனி. எல்லாவற்றுக்கும் ரசீது கொடுத்தார். தாக்கல் செய்த மனுவின் முழு நகலும் என் கையில் இருந்தது. விசாரணையில் சொல்ல அதிகம் இல்லை. பாதி காணொலியில் நடந்தது, பல தேதிகள் தள்ளிப்போயின. 2022 அக்டோபரில் தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது.

30 சதவீதம் 50 ஆகவும் உயர்ந்தது. இந்த உயர்வை மனுவில் தனியாகக் கேட்க வேண்டும். 50-க்குக் குறைவாக இருந்தால் 50, 50 முதல் 75 வரை இருந்தால் 75, அதற்கு மேல் 100 என்று எடுத்துக்கொள்வது 1996-இலிருந்து கணக்கில் வரும் விதி. அதைப் பணிக்காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் நீட்டித்தது. பணத்தில் பார்த்தால் வித்தியாசம் புரியும். 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் தருவார்கள். சம்பளம் 42,000 என்றால் அது 12,600. ஊனம் 30 சதவீதமானால் 3,780 ரூபாய், 50 ஆனால் 6,300. இதற்கு மேல் அகவிலைப்படி. ஆலோசகரின் மனுவில் இந்தக் கோரிக்கையும் இல்லை.

தீர்ப்பு வந்ததும் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. கொடுத்த கெடு தாண்டியும் பணம் வரவில்லை. நிறைவேற்றக் கோரி இன்னொரு மனு போட்ட பிறகு 2023 மே மாதம்தான் கணக்கில் ஏறியது. அதற்கு வழக்கறிஞர் தனிக் கட்டணம் கேட்கவில்லை. முதல் சந்திப்பிலேயே அதைப் பேசி எழுதி வைத்திருந்தோம். 2023 மார்ச்சில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, தீர்ப்பாய உத்தரவை எதிர்த்து யாரும் உயர் நீதிமன்றம் போக வழி இருக்கிறது. அரசு போனால் உங்கள் வழக்கறிஞர் வருவாரா, கட்டணம் என்ன என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அவரிடம் எனக்கு ஒரே குறை. போனை எடுக்க மாட்டார். மாலை ஆறு மணிக்கு மேல் செய்தி அனுப்பினால்தான் பதில் வரும். சில வாரங்கள் தூக்கமில்லாமல் கிடந்திருக்கிறேன்.

பணம் வந்த செய்தி எப்படியோ பரவி, அந்த ஆண்டே ஒருவர் அழைத்தார். கணக்கில் குறை இருக்கிறது, ராணுவ பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷின் கடவுச்சொல்லும் போனுக்கு வரும் எண்ணும் சொன்னால் சரிசெய்து தருகிறேன் என்றார். உடனே வைத்துவிட்டேன். அதைக் கேட்கிற யாரும் உங்களுக்காக வேலை செய்பவர் இல்லை.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். 2023 செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகள் நடைமுறையில் உள்ளன. அதற்குப் பிறகு ஓய்வு பெற்றவர்கள் என் கதையை அப்படியே தங்களுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. புதிய விதிகளில் வழக்கு நடத்திய ஒருவரைத் தேடிப் பிடியுங்கள்.

கட்டணம் கொடுக்க முடியாதவர்கள் வேறு வழியே இல்லை என்று ஆலோசகர்களிடம் போகிறார்கள். வழி இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. 2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் வீரர் குடும்பங்களுக்கென்றே ஒரு திட்டமும் தொடங்கியிருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு மைனி இருக்கிறார். கணவர் என்னைப் போலவே மறுப்புக் கடிதத்தோடு ஊர் வந்தவர், மேல்முறையீடே செய்யாமல் போன வருடம் இறந்துவிட்டார். அவர் உயிரோடு இருந்த காலத்து நிலுவையை மனைவி வாரிசாகக் கேட்கலாம். போன வாரம் மைனி ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே அந்த ஏஎஃப்எம்எஸ்எஃப் 16, பழுப்பேறி நான்காக மடித்து. திண்ணையில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் பிரித்தேன். சேரும்போது எடுத்த குறிப்பு மட்டும் இல்லை. அதற்குத் தபால் ஆர்டர் வாங்கி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு, இலவச வழக்கறிஞர் கேட்டுப் பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்துக்குப் போகிறோம்.