ஒரே தேர்வு, மூன்று பள்ளிகள்: ஸ்டைவசண்ட், பிராங்க்ஸ் சயின்ஸ், புரூக்ளின் டெக்

நியூயார்க் நகரில் எட்டாம் வகுப்புப் பிள்ளை உள்ள வீடுகளில், இலையுதிர்காலம் வந்தால் ஒரு பட்டியல் தயாராக வேண்டும். சிறப்பு உயர்நிலைப் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வை எழுதும் பிள்ளை, எந்தப் பள்ளி முதல் விருப்பம், எது இரண்டாவது என்று வரிசைப்படுத்தித் தர வேண்டும். ஆங்கிலம், கணிதம் என இரண்டே பகுதிகள், மூன்று மணி நேரம். நேர்காணல் கிடையாது. பரிந்துரைக் கடிதம் செல்லாது. ஏழாம் வகுப்பு மதிப்பெண்ணையும் யாரும் பார்ப்பதில்லை. இந்தத் தேர்வின் வழியாக மாணவர்களைச் சேர்க்கும் பள்ளிகள் எட்டு. அனைத்தும் கட்டணம் இல்லாத பொதுப் பள்ளிகள். ஆனால் வீடுகளில் சண்டை நடப்பது பெரும்பாலும் பழைய மூன்றைப் பற்றித்தான்.

அந்தச் சண்டையிலும் முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது. முதலில் ஸ்டைவசண்ட், அடுத்து பிராங்க்ஸ் சயின்ஸ், பிறகு புரூக்ளின் டெக். காரணம் கேட்டால் கட்-ஆஃப் மதிப்பெண்ணைக் காட்டுவார்கள். கட்-ஆஃப் என்பது அந்தப் பள்ளியில் கடைசியாக இடம் பெற்ற பிள்ளையின் மதிப்பெண், அவ்வளவுதான். நிறையப் பேர் முதல் விருப்பமாக எழுதும் பள்ளியில் இடங்கள் விரைவில் தீரும், கட்-ஆஃப் ஏறும். டெக்கில் ஏறத்தாழ ஆறாயிரம் பேர் படிக்கிறார்கள். மற்ற இரண்டும் மூவாயிரத்தைச் சற்று ஒட்டியவை. இரு மடங்கு இடம் உள்ள பள்ளியில் கட்-ஆஃப் இறங்கத்தான் செய்யும். வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை. அதற்கு மூன்று பள்ளிகளும் எதற்காகத் தொடங்கப்பட்டன என்று பார்ப்பது பயன் தரும்.

ஸ்டைவசண்ட் 1904இல் ஆண்களுக்கான கைத்தொழில் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கியது. இன்று அதைப் படிப்பாளிகளின் கோட்டை என்று கொண்டாடுபவர்களில் பலருக்கு இது தெரியாது. மரவேலையும் உலோகவேலையும் கற்பிக்க வந்த பள்ளி, கூட்டம் தாங்காமல் 1930களில் நுழைவுத் தேர்வுக்கு மாறியது. பழைய மரபின் மிச்சமாக இயந்திர வரைபடம் நெடுங்காலம் கட்டாயப் பாடமாக இருந்தது. பெண்கள் 1969இல்தான் உள்ளே நுழைந்தார்கள். அதுவும் பதிமூன்று வயதுச் சிறுமி ஒருத்தி வழக்குத் தொடுத்த பிறகு. கதவைத் திறந்த அந்தச் சிறுமி, குடும்பம் ஊர் மாறியதால், அங்கே படிக்கவே இல்லை.

1992இல் பள்ளி கிழக்கு 15ஆம் தெருவின் பழைய கட்டடத்தை விட்டு, ஹட்சன் ஆற்றங்கரையில் பேட்டரி பார்க் சிட்டிக்குக் குடிபெயர்ந்தது. பத்து மாடி, நகரும் படிக்கட்டு, நீச்சல் குளம் என்று ஒரு பொதுப் பள்ளிக்கு யாரும் எதிர்பார்க்காத வசதிகள். இதன் பலம் பாடங்களின் பரப்பு. கணிதத்திலும் கணினி அறிவியலிலும் கல்லூரி நிலைப் பாடங்கள் வரை போகலாம். வேதியியலில் ரோல்ட் ஹாஃப்மன், மருத்துவத்தில் ரிச்சர்ட் ஆக்சல் உள்பட நான்கு நோபல் விருதாளர்கள் இங்கே படித்தவர்கள். ஆனால் எந்தத் துறையையும் தன் அடையாளமாக இந்தப் பள்ளி வரித்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண் எடுக்கும் பிள்ளை இங்கே பொருந்தும். எல்லோரும் அப்படிப்பட்டவர்களாகவே இருக்கும் இடத்தில் சராசரியாக நிற்பது எப்படி இருக்கும் என்பதையும் அந்தப் பிள்ளை யோசித்துக்கொள்வது நல்லது.

பிராங்க்ஸ் சயின்ஸ் 1938இல் பிறந்தது. அதன் முதல் ஆசிரியர்களில் ஒரு பகுதியினர் ஸ்டைவசண்டிலிருந்து வந்தவர்கள் என்பதால், இந்தப் போட்டியில் பங்காளிச் சண்டையின் வாடை எப்போதும் உண்டு. முதல் முதல்வர் மோரிஸ் மைஸ்டர். பெயரில் அறிவியல் இருந்தாலும், மொழி, வரலாறு, கலை போன்ற மனிதவியல் பாடங்களுக்கும் சம இடம் தர வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே பள்ளியின் கொள்கை. 1959இல் திறந்த இப்போதைய கட்டடத்தின் முகப்புக் கூடத்தில் உள்ள பெரிய மொசைக் சுவரோவியம், அறிவியல் துறைகளைக் காக்கும் மனிதவியலைச் சித்திரிக்கிறது. பெண்களை 1946இலேயே சேர்த்துக்கொண்டது. மற்ற இரண்டும் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டன.

நோபல் கணக்கில் இந்தப் பள்ளிக்கு இணை இல்லை. இயற்பியலில் மட்டும் ஏழு பேர். 1979இல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஷெல்டன் கிளாஷோவும் ஸ்டீவன் வைன்பெர்க்கும் இங்கே ஒரே வகுப்புத் தோழர்கள். வேதியியலில் ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், 2023இல் பொருளாதாரத்தில் கிளாடியா கோல்டின். இந்த இயற்பியல் பட்டியல் முழுக்கப் பழைய தலைமுறையைச் சேர்ந்தது என்பதால், அதை வைத்து இன்றைய பாடத்திட்டத்தை எடைபோட நான் தயங்குவேன். இன்றைக்கு அங்கே கவனிக்க வேண்டியது ஆராய்ச்சித் திட்டம். பத்தாம் வகுப்பில் சேர்ந்து, வழிகாட்டி ஒருவரின் கீழ் சொந்தமாக ஒரு கேள்வியை எடுத்துப் பன்னிரண்டாம் வகுப்பு வரை தொடரலாம். இயற்கை அறிவியல் மட்டுமின்றிச் சமூக அறிவியலிலும் இந்த வாய்ப்பு உண்டு. விவாத அணிக்கும் பெரிய பெயர். அறிவியலும் பிடிக்கும், எழுத்தும் பேச்சும் பிடிக்கும் என்று இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பிள்ளைக்கு மூன்றில் இதுதான் சரியான இடம்.

புரூக்ளின் டெக்கைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும், ஏனென்றால் பெற்றோர் அதைப் பற்றித்தான் குறைவாக விசாரிக்கிறார்கள். கணித ஆசிரியரான ஆல்பர்ட் கோல்ஸ்டன் முன்னின்று 1922இல் தொடங்கிய பள்ளி அது. முதல் இருப்பிடம் மாற்றியமைக்கப்பட்ட ஒரு கிடங்கு. 1933இல் ஃபோர்ட் கிரீன் பகுதியில் எழுந்த மாபெரும் கட்டடத்துக்குள் வார்ப்பாலையே இருந்தது. மாணவர்கள் முதலில் வரைந்து, பிறகு மர அச்சு செய்து, உலோகத்தை உருக்கி ஊற்றிப் பொருளாக்கினார்கள். கூரையில் வானொலிக் கோபுரம், உள்ளே மூவாயிரம் பேர் அமரும் அரங்கம். பெண்கள் சேர்ந்தது 1970இல்.

வார்ப்பாலை போய்விட்டது, அதன் பின்னாலிருந்த எண்ணம் போகவில்லை. நம்மூரில் பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுப்பது போல, டெக்கில் மாணவர்கள் ஒரு சிறப்புத் துறையைத் தேர்ந்துகொண்டு கடைசி இரண்டு ஆண்டுகளும் அதில் ஆழ்ந்து படிக்கிறார்கள். கட்டடக்கலை, குடிசார் பொறியியல், வானூர்திப் பொறியியல், ரோபாட்டிக்ஸ், உயிரியல், வேதியியல், மென்பொருள், ஊடகம், சட்டமும் சமூகமும் என்று துறைகள் நிறைய. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இது அரிது. விரும்பிய துறை எல்லோருக்கும் கிடைத்துவிடுவதில்லை, மதிப்பெண் அங்கேயும் குறுக்கே நிற்கும். ஆறாயிரம் பேர் நடுவில் கூச்சமுள்ள பிள்ளை கரைந்துபோகும் ஆபத்தும் உண்டு. இருந்தாலும், பாலம் கட்ட வேண்டும், விமானம் செய்ய வேண்டும் என்று பதின்மூன்று வயதிலேயே திட்டமாகச் சொல்லும் பிள்ளையை, கட்-ஆஃப் பட்டியலைக் காட்டி வேறு பள்ளிக்குத் திருப்பிவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பேரண்டத்தின் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சைக் கண்டறிந்து 1978இல் நோபல் பெற்ற ஆர்னோ பென்சியாஸ் டெக் மாணவர்தான்.

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு, உலக வர்த்தக மையத்துக்குச் சில தெருக்கள் தள்ளியிருந்த ஸ்டைவசண்ட் மூடப்பட்டது. மீட்புப் பணியாளர்கள் அந்தக் கட்டடத்தைப் பயன்படுத்தினார்கள். அக்டோபரில் திரும்பும் வரை அதன் மாணவர்களுக்கு வகுப்பு நடந்தது டெக்கின் கட்டடத்தில், முறை வைத்து.

மூன்றுக்கும் பொதுவான ஒரு கறையும் இருக்கிறது. 2019இல் ஸ்டைவசண்டில் இடம் வழங்கப்பட்ட 895 பேரில் கறுப்பின மாணவர்கள் ஏழு பேர். நுழைவுத் தேர்வையே எடுத்துவிட வேண்டும் என்று முந்தைய ஆண்டு மேயர் பில் டி பிளாசியோ முயன்றார். ஆனால் இந்த மூன்று பள்ளிகளுக்கும் தேர்வு மட்டுமே வழி என்று 1971ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் பெயர் சொல்லி எழுதிவைத்திருக்கிறது. நகரம் தனியாக மாற்ற முடியாது, மாநிலத் தலைநகர் ஆல்பனியில் உள்ள சட்டமன்றம் மனம்வைக்க வேண்டும். வைக்கவில்லை. தேர்வு எல்லோருக்கும் ஒன்று என்ற வாதம் எனக்குப் புரிகிறது. பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்த வீடும் முடியாத வீடும் ஒன்றல்ல என்பதும் புரிகிறது.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். ஸ்டைவசண்டும் டெக்கும் பல சுரங்க ரயில் தடங்கள் கூடும் இடங்களில் இருக்கின்றன. பிராங்க்ஸ் சயின்ஸ் நகரின் வடகோடியில், 205ஆம் தெருவில். தெற்கு புரூக்ளினிலிருந்து அங்கே போய்வர ஒரு நாளில் மூன்று மணி நேரம் கரையும், நான்கு ஆண்டுகளுக்கு.

விருப்பப் பட்டியலில் தந்திரம் எதுவும் தேவையில்லை. அதிக மதிப்பெண் பெற்றவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவரின் பட்டியலையும் மேலிருந்து பார்த்து, இடம் இருக்கும் முதல் பள்ளியை ஒதுக்குகிறார்கள். ஒரு பள்ளியை இரண்டாவதாக எழுதினால் அங்கே கூடுதல் மதிப்பெண் தேவைப்படும் என்ற பேச்சில் உண்மை இல்லை. டெக்கை முதலில் எழுதியிருந்தால், அங்கே இடம் இருக்கும்போது டெக்தான் கிடைக்கும். அங்கே இடம் இல்லாமல் போனால், அடுத்த பெயரை அதே மதிப்பெண்ணோடுதான் பார்ப்பார்கள்.