ஜாவா கிளாஸ் ஆவணம்: 8 முதல் 21 வரை பயன்படுத்திப் பார்த்ததில்

ஜாவா மொழியில் எண்ணை வடிவமைத்து எழுதித் தரும் டெசிமல்ஃபார்மேட் கிளாஸுக்கு "#,##,###" என்று பேட்டர்ன் கொடுத்து 1234567-ஐ அனுப்பினால் 12,34,567 வராது. 1,234,567 தான் வரும். புதுச்சேரி, கடலூர் பக்கம் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதுகிறவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் இது. பேட்டர்னில் கமாவை முன்னே தள்ளி, பின்னே தள்ளி, இரண்டாகப் போட்டு, மூன்றாகப் போட்டு அரை நாள் ஓடிவிடும். அந்த கிளாஸின் ஆவணப் பக்கத்திலோ, மெத்தட் (கிளாஸ் செய்து தரும் வேலை) பட்டியலுக்கு வெகு முன்னாலேயே இது எழுதியிருக்கிறது: பேட்டர்னில் எத்தனை கமா இருந்தாலும், கடைசிக் கமாவுக்கும் முழு எண்ணின் முடிவுக்கும் இடையே உள்ள இலக்கங்களின் எண்ணிக்கை மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். அந்த வரியைப் பார்த்தவருக்கு வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. லட்சக் கணக்கு இந்த கிளாஸால் ஆகாது. ஐசியு4ஜே நூலகத்துக்குப் போக வேண்டும், இல்லையென்றால் கமா போடுவதை நாமே எழுத வேண்டும்.

ஜாவாவின் கிளாஸ் ஆவணத்தை 8-ஆம் பதிப்பிலிருந்து (2014) 21 வரை (2023) பயன்படுத்தியதில் சொல்ல முடிவது இதுதான்: விஷயம் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கிறது, நாம் பார்க்கிற இடத்தில் இல்லை. தேடுகிறோம், மெத்தட் பெயர் பட்டியலுக்குத் தாவுகிறோம், அடைப்புக்குறிக்குள் என்ன போட வேண்டும் என்று பார்த்ததும் திரும்பி வந்துவிடுகிறோம். கிரயப் பத்திரத்தில் தொகையை மட்டும் படித்துவிட்டுச் செக்குபந்தியைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது போல.

தலைப்பிலிருந்து பட்டியல் வரை

பக்கம் திறந்ததும் முதலில் பதிப்பு எண். கூகுளில் தேடினால் 7, 8-இன் பழைய பக்கங்கள் இன்னும் மேலே வந்து நிற்கும். லேப் கணினியில் 8 இருக்க, 21-இன் பக்கத்தைப் பார்த்து எழுதினால் கம்பைலர் 'அப்படி ஒரு மெத்தட் இல்லை' என்று சொல்லும். ஸ்ட்ரிங்கின் ஸ்ட்ரிப் 11-இல் வந்தது, லிஸ்ட்.ஆஃப் 9-இல் வந்தது. மெத்தட் விளக்கத்தின் அடியில் 'சின்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். எந்தப் பதிப்பு என்று அது சொல்லிவிடும்.

அடுத்து வம்சாவளி. எந்த கிளாஸிலிருந்து எது பிறந்தது என்று படிப்படியாக இறங்கும் அந்த நாலைந்து வரிகளைப் பலரும் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். லிங்க்டுஹாஷ்செட் பக்கத்தை 8-இல் திறந்தால் மெத்தட் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும்: ஸ்பிளிட்டரேட்டர். 'ஆட் எங்கே, ரிமூவ் எங்கே?' என்று புதிதாக வருகிறவர்கள் திகைக்கிறார்கள். இரண்டுமே ஹாஷ்செட்டிலிருந்து வருகின்றன. பட்டியலுக்குக் கீழே, தாய் கிளாஸிலிருந்து வந்தவை என்று வெறும் பெயர்களாகச் சின்ன எழுத்தில் இருக்கும். பெயரைத் தட்டினால் ஹாஷ்செட் பக்கத்துக்குப் போகும். விளக்கம் அங்கேதான்.

வம்சாவளிக்குக் கீழே வருகிற முகப்பு விளக்கம்தான் முழுதாகப் படிக்க வேண்டிய பகுதி. சில கிளாஸ்களுக்கு நாலு வரி, சிலவற்றுக்கு நாலு பக்கம். ஒவ்வொரு மெத்தடுக்கும் பொருந்தும் விதிகளை இங்கே ஒரே ஒரு முறை சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மெத்தட் விளக்கத்தில் மறுபடி சொல்ல மாட்டார்கள். ஸ்ட்ரிங் கிளாஸின் முகப்பில், வேறு விதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, எந்த மெத்தடுக்கு நல் (வெற்று மதிப்பு) கொடுத்தாலும் நல்பாயின்டர்எக்ஸெப்ஷன் என்ற பிழை எறியப்படும் என்று இருக்கிறது. சிம்பிள்டேட்ஃபார்மேட் முகப்பின் கடைசியில், பல திரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) ஒரே ஆப்ஜெக்டைப் பகிர்ந்தால் வெளியிலிருந்து பூட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. அதைப் படிக்காமல் அந்த ஆப்ஜெக்டை ஸ்டேட்டிக் ஆக, அதாவது எல்லோருக்கும் பொதுவாக, வைத்தால், ஒருவர் சோதிக்கும்போது ஒழுங்காக ஓடும். கூட்டம் சேர்ந்ததும் தேதிகள் ஒன்றோடொன்று கலந்து வரும், எந்த எரரும் காட்டாமல்.

பழைய டேட் கிளாஸும் இப்படித்தான். ஆண்டு என்றால் 1900-ஐக் கழித்த எண். மாதம் 0 முதல் 11 வரை. முகப்பைத் தாண்டி நேராக, ஆப்ஜெக்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டருக்குப் போய் 2024 என்று கொடுத்தால் 3924 வந்து நிற்கும். அந்தக் கன்ஸ்ட்ரக்டரின் மேல் 'டெப்ரிகேட்டட்' (இனிப் பயன்படுத்த வேண்டாம்) என்ற முத்திரையும் இருக்கிறது. அதையும் மீறித்தான் இன்னும் பாடப் பயிற்சிகளில் அது உலவுகிறது.

இடது பத்தியைப் பாருங்கள்

மெத்தட் பட்டியலில் எல்லோர் கண்ணும் வலது பக்கம் போகும். இடது பத்தியில்தான் என்ன திரும்பி வருகிறது என்று இருக்கிறது. தசமக் கணக்குக்கான பிக்டெசிமலில், தசம இடங்களை அமைக்கும் செட்ஸ்கேல் மெத்தட் பிக்டெசிமலையே திருப்பித் தருகிறது. பெயர் 'செட்' என்று தொடங்குவதால் உள்ளே இருக்கும் மதிப்பு மாறும் என்று நினைத்து, திரும்பி வருவதை எதிலும் வாங்காமல் விட்டால் ஒன்றும் மாறாது. செட் என்ற பெயரின் வழக்கத்துக்கு இது மாறானது என்று விளக்கத்தில் அவர்களே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார்கள்! தேதியில் நாள் கூட்டும் லோக்கல்டேட்டின் பிளஸ்டேஸும் அதே கதை. இடது பத்தியில் அந்த கிளாஸின் பெயரே இருந்து, அந்த கிளாஸ் மாறாத வகை என்று முகப்பும் சொன்னால், திரும்பி வருவதை ஒரு வேரியபிளில் வாங்கியே ஆக வேண்டும்.

லிஸ்ட்டில் ரிமூவ் இரண்டு உண்டு. ஒன்று வரிசை எண்ணை வாங்கி, நீக்கிய பொருளைத் தரும். மற்றது பொருளை வாங்கி, பூலியன் (ஆம்/இல்லை) தரும். டோக்கன் எண்களை இன்டிஜர் லிஸ்ட்டில் வைத்து ரிமூவ்(5) என்றால் 5 என்ற டோக்கன் போகாது. ஆறாவது இடத்தில் நிற்பவர் போய்விடுவார். டோக்கனையே நீக்க இன்டிஜர்.வேல்யூஆஃப்(5) என்று கொடுக்க வேண்டும்.

பட்டியல் ஒரு வரிச் சுருக்கம்தான். மெத்தட் பெயரைத் தட்டி விவரப் பகுதிக்குப் போக வேண்டும். அங்கே முதலில் கண் போக வேண்டிய இடம் 'த்ரோஸ்', எப்போது எக்ஸெப்ஷன் எறியும் என்று சொல்லும் வரி. மூன்று பேர் சாப்பிட்ட 100 ரூபாய் பில்லைப் பிரிக்க, பிக்டெசிமலின் டிவைடுக்கு வகுக்கும் எண்ணை மட்டும் கொடுக்கிறோம் என்று வையுங்கள். நான்கு பேருக்குச் சரியாக 25 வரும். மூன்று பேருக்கு அரித்மெட்டிக்எக்ஸெப்ஷன். ஈவு முடிவில்லாத தசமமாக இருந்தால் எறியும் என்று த்ரோஸில் தெளிவாக இருக்கிறது. சோதனைக்கு எல்லோரும் 2, 4, 5 என்றே போட்டுப் பார்ப்பதால் இது கடைக்காரர் கையில்தான் வெடிக்கும். ஸ்கேலும் (எத்தனை தசம இடம்) ரவுண்டிங்மோடும் (மிச்சத்தை எப்படி முழுமையாக்குவது) சேர்த்து வாங்கும் டிவைடைப் பயன்படுத்தினால் தீர்ந்தது. பிக்டெசிமலில் இன்னும் இரண்டு: 0.1-ஐ டபுளாகக் கொடுத்துக் கன்ஸ்ட்ரக்டரை அழைத்தால் 0.1 கிடைக்காது, 0.1000000000000000055 என்று தொடங்கும் நீண்ட எண் கிடைக்கும். ஸ்ட்ரிங்காகக் கொடுக்க வேண்டும். 2.0-ம் 2.00-ம் ஈக்வல்ஸுக்கு வேறு வேறு, கம்பேர்டூவுக்கு ஒன்று.

எக்ஸெப்ஷன் எல்லாம் த்ரோஸில்தான் இருக்கும் என்றும் நம்பிவிட முடியாது. பொருள்களைச் சாவி-மதிப்பு ஜோடிகளாக்கும் கலெக்டர்ஸ்.டூமேப்பில் ஒரே சாவி இரண்டு முறை வந்தால் இல்லீகல்ஸ்டேட்எக்ஸெப்ஷன் வரும். அது விளக்கப் பத்தியின் நடுவே ஒரு வாக்கியமாக ஒளிந்திருக்கிறது. ஆவணத்தின் மேல் எங்களுக்குள்ள முதல் குறை இது. லிஸ்ட்டின் ஆட் பக்கத்தில் 'ஆப்ஷனல் ஆபரேஷன்' என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டு சொற்களும் இந்த வகைதான். லிஸ்ட் போன்ற இன்டர்ஃபேஸில் (மெத்தட்களை அறிவிக்கும் ஒப்பந்தம்) பெயர் இருந்தாலும் உள்ளே வேலை செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை என்று அர்த்தம். அரேஸ்.ஆஸ்லிஸ்ட் தரும் லிஸ்ட்டில் ஆட் செய்தால் அன்சப்போர்ட்டட்ஆபரேஷன்எக்ஸெப்ஷன் வருவது அதனால்தான்.

இரண்டாவது குறை ஜெனரிக்ஸ் கையெழுத்துகள், அதாவது மெத்தட் எந்த வகைப் பொருளை வாங்கும், தரும் என்று அறிவிக்கும் வரிகள். கேள்விக்குறியும் கோணக்குறியும் ஒரு வரி முழுக்க ஓடும், விளக்கம் பூஜ்யம். கடலூர் முதுநகர் மீன் கூடையை வைத்துப் படிக்கலாம். '? எக்ஸ்டெண்ட்ஸ் மீன்' என்றால் கூடையில் இருப்பது வஞ்சிரமோ சங்கராவோ, ஏதோ ஒரு வகை. எடுப்பது மீன்தான் என்று நம்பி எடுக்கலாம், ஆனால் எந்த வகைக் கூடை என்று தெரியாததால் நாம் ஒன்றும் போட முடியாது. '? சூப்பர் வஞ்சிரம்' என்றால் வஞ்சிரத்தைத் தயங்காமல் போடலாம். எடுத்தால் என்ன வரும் என்று உறுதி இல்லை. எடுக்க எக்ஸ்டெண்ட்ஸ், போட சூப்பர். இதை மனதில் வைத்தால் கலெக்ஷன்ஸ்.காப்பியின் கையெழுத்தில் எது போகிற லிஸ்ட், எது வருகிற லிஸ்ட் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

தமிழ் எழுத்தும் பிரெஞ்சுக் கமாவும்

ஸ்ட்ரிங்.லென்த் 'யூனிகோட் கோட் யூனிட்'களின் எண்ணிக்கையைத் தரும் என்கிறது ஆவணம். எழுத்துகளின் எண்ணிக்கை என்று சொல்லவில்லை. 'கடலூர்' நான்கு எழுத்து, லென்த் 6. 'புதுச்சேரி' ஐந்து எழுத்து, லென்த் 10. பில்லில் பெயரை எட்டு இடத்துக்கு வெட்ட சப்ஸ்ட்ரிங்(0, 8) கொடுத்தால் 'புதுச்சே' என்று நிற்கும். ஏழுக்கு வெட்டினால் ஏகாரக் கொம்பு கழன்று 'புதுச்ச' ஆகிவிடும். சரியான எழுத்தெல்லையில் வெட்ட பிரேக்இட்டரேட்டர் இருக்கிறது. தேடும்போது இன்னொரு சிக்கல்: 'கொ' என்பதை ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்று போலவே இருக்கும், ஈக்வல்ஸ் இல்லை என்று சொல்லும். ஒப்பிடும் முன் நார்மலைசர் கிளாஸில் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும்) வடிவத்துக்கு மாற்ற வேண்டும்.

தமிழ்க் கோப்பை ஃபைல்ரீடரில் திறந்தால் விண்டோஸில் எழுத்துகள் உடைந்து வந்த காலம் உண்டு. 17 வரையிலான பக்கத்தில் இயல்பு எழுத்துத்தொகுப்பு (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) கணினியைப் பொறுத்தது; 18-இலிருந்து (2022) அது யூடிஎஃப்-8. கணினியில் எது இருக்கும் என்று தெரியாதபோது, எழுத்துத்தொகுப்பையும் வாங்கும் கன்ஸ்ட்ரக்டரைத் தேர்ந்தெடுக்கலாம். அது 11-இல் வந்தது. 8 என்றால் ஃபைல்ஸ்.ரீட்ஆல்லைன்ஸ் யூடிஎஃப்-8 ஆகவே படிக்கும்.

புதுச்சேரிக்கே உரிய கூத்து ஒன்று. பிரான்ஸில் உறவினர் உள்ள வீடுகளில் கணினியின் மொழி அமைப்பு பிரெஞ்சாக இருப்பது உண்டு. ஸ்ட்ரிங்.ஃபார்மேட் கணினியின் லோகேலையே (மொழி, நாட்டு அமைப்பு) எடுத்துக்கொள்ளும் என்று ஆவணம் சொல்கிறது. ஆகவே 1234.5-ஐ இரண்டு தசமத்துக்கு வடிவமைத்தால் அங்கே 1234,50 என்று எழுதும். அதைக் கோப்பில் சேமித்து டபுள்.பார்ஸ்டபுளால் படித்தால் நம்பர்ஃபார்மேட்எக்ஸெப்ஷன். அதுகூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். நம்பர்ஃபார்மேட்டின் பார்ஸ் அப்படி இல்லை: பிரெஞ்சு லோகேலில் "12.50" கொடுத்தால் புள்ளியோடு நின்று 12 தரும். இந்திய ஆங்கில லோகேலில் "12,50" கொடுத்தால் கமாவை விழுங்கி 1250 தரும். கொடுத்த உரை முழுவதையும் பயன்படுத்தாமலும் போகலாம் என்று பார்ஸின் விளக்கத்தில் ஒற்றை வாக்கியம் இருக்கிறது, அவ்வளவுதான் எச்சரிக்கை. கோப்பில் எழுதும்போது எந்த நாட்டையும் சாராத லோகேல்.ரூட் கொடுப்பதும், பார்ஸ்பொசிஷன் வாங்கும் பார்ஸைப் பயன்படுத்தி எதுவரை படித்தது என்று பார்ப்பதும் இதற்கு வழி.

பேருந்து நேரப் பட்டியல் எழுதுகிறவர்கள் டேட்டைம்ஃபார்மேட்டரின் எழுத்து அட்டவணையை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். பெரிய ஹெச் 0 முதல் 23 வரை; சின்ன ஹெச் 1 முதல் 12 வரை. சின்னதைப் போட்டு முற்பகல்-பிற்பகல் குறியை விட்டால் கடலூருக்குக் காலை ஆறு மணி வண்டியும் மாலை ஆறு மணி வண்டியும் ஒன்றாகிவிடும். பெரிய எம் மாதம், சின்ன எம் நிமிடம். பெரிய ஒய் வாரக் கணக்கில் வரும் ஆண்டு. அதைப் போட்டால் 31-12-2024 என்பது 31-12-2025 என்று அச்சாகும். மற்ற நாளெல்லாம் சரியாகவே இருக்கும் என்பதால் டிசம்பர் கடைசி வாரம் வரை யாருக்கும் தெரியாது.

படித்ததை அங்கேயே சோதிக்க 9-இல் வந்த ஜேஷெல் போதும். கிளாஸ், மெயின் எதுவும் எழுதாமல் ஒரு வரியைத் தட்டி விடையைப் பார்க்கலாம். ஸ்ப்ளிட் கடைசியில் வரும் வெற்று இடங்களை விட்டுவிடும் என்று படித்தால், "ராமு,25,," என்பதைக் கமாவில் பிரித்துப் பாருங்கள்: நான்கு வராது, இரண்டுதான் வரும். இரண்டாவது பாராமீட்டராக -1 கொடுத்தால் நான்கும் வரும்.

ஆவணம் முழுவதையும் ஜிப் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது போன்ற நாட்களில் நெட்டை நம்பி உட்கார முடியாது. நம் கணினியில் இருக்கும் அதே பதிப்பின் ஜிப்பை இறக்கிப் பிரித்து, இன்டெக்ஸ் கோப்பைப் பிரவுசரில் திறக்க வேண்டும். 9 முதல் பக்கத்தின் மேலே வரும் தேடல் பெட்டியும் நெட் இல்லாமலே வேலை செய்யும்; மெத்தட் பெயரின் முதல் சில எழுத்துகளை அடித்தாலே எந்தெந்த கிளாஸில் அது இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும்.