சிங்கப்பூரின் வீட்டு மின்சாரச் சேவை: தடையில்லை, ஆனால் எரிவாயுவின் பிடியில்

சிங்கப்பூரில் வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் தரத்தைக் குறை சொல்ல இயலாது. மின்தடை ஏற்பட்டாலே அது செய்தியாகும் அளவுக்கு அரிது. ஆயினும் அந்த மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்தே கிடைக்கிறது என்பதும், அந்த வாயு மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து குழாய் வழியாகவும், 2013 முதல் ஜூரோங் தீவு முனையத்தில் கப்பலிலிருந்து திரவ வடிவிலும் இறக்குமதியாகிறது என்பதும் பலருடைய கவனத்துக்கு வருவதில்லை.

2019 முதல் எல்லா வீடுகளும் மின்சார விற்பனை நிறுவனத்தைத் தாமே தேர்ந்தெடுக்கலாம். மின்கட்டமைப்பை நடத்தும் எஸ்பி குழுமத்தின் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாறும் கட்டணத்தைவிட, விற்பனை நிறுவனத்துடனான நிலையான கட்டண ஒப்பந்தமே கவலையைக் குறைக்கும் என்பது என் கருத்து. ஆனால் 2021இல் எரிவாயு விலை ஏறியபோது சில நிறுவனங்கள் சந்தையை விட்டே விலகின என்பதால், மலிவை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுவது நல்லதன்று. ‘பசுமைத் திட்டம்’ என்று விற்கப்படுவதில் நிறுவனம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் உற்பத்தியானதற்கான சான்றிதழ்களை வாங்கி ஈடுசெய்கிறதே தவிர, அண்டை வீட்டுக்கு வரும் அதே மின்சாரம்தான் நமக்கும் வருகிறது. தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021இல் தொடங்கப்பட்ட 60 மெகாவாட் மிதவைச் சூரியப் பண்ணை பாராட்டத்தக்கது. எனினும் பலத்த காற்றோ பேராறோ இல்லாத குறுகிய தீவில் அது தேவையின் சிறு பங்கையே ஈடுசெய்யும். கூடுதல் பணம் கொடுத்து ‘பசுமைத் திட்டத்தை’ வாங்குவதைவிட, குளிர்சாதனத்தை 25 டிகிரியில் வைப்பதையே பரிந்துரைப்பேன்.