மேட்டுக் கிணறா, பள்ளத்துக் கிணறா?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சரிவு நிலங்களில் கிணறு வெட்ட நினைப்பவர் முதலில் பார்ப்பது பள்ளத்தைத்தான். காரணம் இருக்கிறது. அங்கே அடியில் கிடப்பது கடும்பாறை. நீர் தங்குவது அதன் மேலுள்ள சிதைந்த பாறையிலும் வெடிப்புகளிலும்தான். மண்ணுக்குள் இறங்கிய மழைநீர் சரிவோடு நகர்ந்து கீழே சேர்கிறது. கோடையிலும் கோரை பசுமையாக நிற்கும் இடத்தில் பெரும்பாலும் ஊற்று ஆழத்தில் இருக்காது.

ஆனால் தண்ணீரோடு மற்றதும் கீழேதான் வரும். மாட்டுத்தொழுவம், எருக்குழி, கழிப்பறைக் குழி எல்லாம் மேலே இருந்தால் அவற்றின் கசிவும் கிணற்றைத் தேடி வந்துவிடும். ஓடையை ஒட்டி வெட்டினாலோ, ஐப்பசி மழையில் சேறும் சகதியும் உள்ளே புகும். கைப்பிடிச் சுவரை உயர்த்தி, மேற்புறம் வாய்க்கால் வெட்டி வெள்ளத்தைத் திருப்பாத பள்ளத்துக் கிணற்றைக் குடிநீருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மேட்டுக் கிணற்றில் இந்தத் தொல்லை குறைவு. இறைத்த நீர் வயலுக்குத் தானாக ஓடும். ஆனால் ஆழம் கூடும், வெடிச் செலவு கூடும், சித்திரையில் அடிப்பாறை தெரியும். ஆழமில்லாத கிணறுதான் வேண்டுமென்றால் மேடு வீண்செலவு.

என் தேர்வு பள்ளத்துக்குச் சற்று மேலே, வெள்ளம் எட்டாத இடம். கழிப்பறைக் குழிக்கு நேர் கீழே வராமல், குறைந்தது 15 மீட்டர் தள்ளி. வெட்டுவதை வைகாசிக்குள் முடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் எந்தக் குழியிலும் தண்ணீர் வரும்.