கல்மண்டபம் திராட்சைக் கடை அக்கா

ராயபுரத்தில் கிறிஸ்துமஸ் வைன் போடுகிறவர்கள் கல்மண்டபம் மார்க்கெட்டில் திராட்சை விற்கும் அக்காவிடம் ஒருமுறை போய்ப் பாருங்கள். பெயர்ப்பலகை கிடையாது. இரண்டு கூடை, ஒரு தராசு, அவ்வளவுதான். ஆனால் வைன் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அங்கே கற்றது.

போன வருடம் என் ஜாடி முழுக்கக் காடியாகிவிட்டது. சொன்னதும் அக்கா கேட்ட முதல் கேள்வி: "பழத்தை ஈரத்தோட போட்டியாம்மா?" ஆமாம், போட்டேன். உடனே ஒரு கொத்தைத் தூக்கிக் காட்டினார். காம்பு பச்சையாக, தோலில் வெள்ளைப் பூச்சு கலையாமல் இருந்தது. கழுவித் துணியில் பரப்பி, ஒவ்வொரு பழமாகத் துடைக்க வேண்டுமாம். நொதிக்கும்போது வாயு வெளியேற வேண்டும், அதனால் மூடியை இறுக்கக் கூடாது. நொதித்து அடங்கிய பிறகும் திறந்து வைத்தால் காற்றுப் பட்டுக் காடிதான்.

கம்பம் பன்னீர் திராட்சையையே கேட்டு வாங்குங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம், மஸ்கட் ஹாம்பர்க் ரகம். மணம் கையிலேயே நிற்கும். விலை கொஞ்சம் கூடுதல், சரி. காலை 7 மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் உதிரிதான் மிஞ்சும்.

இந்த முறை 5 கிலோ வாங்கினேன். 21ஆம் நாள் வடிகட்டியபோது நாவற்பழ நிறத்தில் தெளிவாக இறங்கியது. முதல் பாட்டில் அக்காவுக்குத்தான்.